அல்லூரைப் படித்த ஜப்பானும் அனிமே பார்க்கும் திருச்சியும்

திருச்சியிலிருந்து கரூர் போகிற சாலையில், காவிரியை ஒட்டி அல்லூர் என்று ஒரு கிராமம் இருக்கிறது. பஸ்ஸில் போகிறவர்கள் வாழைத்தோட்டத்தைப் பார்த்துக்கொண்டே கடந்து போய்விடுவார்கள். உள்ளூர்க்காரர்களைத் தவிர யாருக்கும் அந்த ஊர்மேல் பெரிய அக்கறை கிடையாது. ஆனால் சோழர் கால வரலாறு படிக்கிறவர்களுக்கு அல்லூர் என்ற பெயர் நன்றாகத் தெரியும். காரணம் ஒரு ஜப்பான்காரர்.

நொபொரு கராஷிமா. 1933ல் பிறந்தவர். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு 1960களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுக்கு வந்து கல்வெட்டு படிக்கக் கற்றுக்கொண்டார். பிறகு அல்லூரையும் பக்கத்தில் இருந்த ஈசானமங்கலத்தையும் எடுத்துக்கொண்டு மிக எளிமையான ஒரு கேள்வியைக் கேட்டார்: சோழர் காலத்தில் இந்த ஊர் நிலம் யார் கையில் இருந்தது? ஈசானமங்கலம் பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட பிரமதேயம். அங்கே நிலம் தனித்தனி ஆட்களின் பேரில் இருந்தது. அல்லூரில் ஊரார் சேர்ந்து பொதுவாக வைத்திருந்தார்கள். இதைக் கல்வெட்டுகளை வைத்துக் காட்டி 1966ல் அவர் எழுதிய கட்டுரையை இன்றைக்கும் தாண்டிப் போக முடியாது. 2013ல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது. 2015ல் காலமானார்.

அவர் மட்டும் வரவில்லை. 1980களின் தொடக்கத்தில் டோக்கியோவிலிருந்து ஒரு குழுவே வந்து திருச்சி மாவட்டக் கிராமங்களைச் சுற்றியது. அதில் ஒருவரான ஹருகா யானகிசாவா லால்குடி பக்கத்து நஞ்சை நிலங்கள் நூறு வருஷத்தில் எந்தச் சாதியிடமிருந்து எந்தச் சாதிக்குக் கை மாறின என்று தோண்டி எடுத்து 1996ல் ஒரு புத்தகமே போட்டார். லால்குடிக்காரர்களே தங்கள் ஊரைப் பற்றி இவ்வளவு தெரிந்து வைத்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

சரி, இப்போது காமிராவை இந்தப் பக்கம் திருப்புவோம்.

ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியிலோ உத்தர வீதியிலோ ஏதாவது ஒரு வீட்டு மாடி. ராத்திரி பன்னிரண்டு மணி. காலையில் ஒன்றாம் நம்பர் பஸ்ஸைப் பிடித்து சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கிக் கல்லூரிக்குப் போகவேண்டிய ஒரு மாணவன் போனில் ஜப்பானியத் தொடர் பார்த்துக்கொண்டிருக்கிறான். கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடுகிறது. சப்டைட்டில் இல்லாமலே பாதி வசனம் புரியும் அளவுக்குப் பழகிவிட்டான். நருட்டோ எந்தக் கிராமம், லூஃபி எந்தக் கப்பல், எந்த இயக்குநர் எந்த ஸ்டுடியோவிலிருந்து ஏன் விலகினார் என்று எல்லாம் அத்துப்படி. திருச்சியில் எந்தக் கல்லூரி வகுப்பறையில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், பெஞ்சுக்கு ஒருவர் இப்படி அகப்படுவார். ஆனால் அவர்களில் ஒருவர்கூட இதைத் தான் "படிக்கிற" விஷயமாக நினைக்கமாட்டார். பார்க்கிற விஷயம், அவ்வளவுதான். வீட்டில் கேட்டால் "பொம்மைப் படம்".

ஜப்பானியர்கள் திருச்சியின் நிலத்தைப் படிக்கலாம் என்றால் திருச்சி மாணவர்கள் ஜப்பானியர்களின் படத்தைப் படித்தால் என்ன? கல்லூரியில், பாடமாக, மதிப்பெண் போட்டு. இந்தக் கேள்விக்கு இங்கே வருகிற முதல் பதில் சிரிப்பு. அந்தச் சிரிப்பைக் கொஞ்சம் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு ஜப்பான்மேல் ஆர்வமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நிறையவே உண்டு. ஆனால் அது ஒரு தினுசான ஆர்வம். சுசுமு ஓனோ என்ற மொழியியலாளர் (1919-2008) ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்று சொன்னார். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த சண்முகதாஸ் தம்பதியரோடு சேர்ந்து வருஷக்கணக்கில் வேலை செய்தார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அவருடைய முடிவை ஏற்கவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் தமிழ்நாட்டில் மேடைப் பேச்சாளரிலிருந்து பட்டிமன்ற நடுவர் வரை எல்லோருக்கும் அவர் சொன்னது தெரியும். அவர் ஜப்பானிய மொழியைப் பற்றி என்ன சொன்னார்? அது யாருக்கும் தெரியாது, வேண்டியதும் இல்லை. தமிழைப் பற்றி நல்லதாகச் சொன்னாரா, போதும்.

"முத்து" கதையும் இதேதான். 1995 தீபாவளிக்கு வந்த படம். எடோகி ஜூன் என்ற சினிமா விமர்சகர் சிங்கப்பூரில் அதைப் பார்த்து மயங்கி, ஜப்பானுக்குக் கொண்டு போக முயற்சி எடுத்தார். 1998 ஜூனில் டோக்கியோ ஷிபுயா பகுதியில் சினிமா ரைஸ் என்ற தியேட்டரில் "நடனமாடும் மகாராஜா" என்ற பொருள்படும் தலைப்போடு வெளியானது. 23 வாரம் ஓடியது. 2006 டிசம்பரில் ஜப்பான் நாடாளுமன்றத்தில் பேசிய அன்றைய பிரதமர் மன்மோகன் சிங்கே அந்தப் படத்தைக் குறிப்பிட்டார். ஜப்பானில் அதிகம் வசூலித்த இந்தியப் படம் என்ற சாதனை 2022ல் "ஆர்ஆர்ஆர்" வந்து முறியடிக்கும்வரை முத்துவிடம்தான் இருந்தது.

இதெல்லாம் தமிழ்நாட்டில் ஆட்டோ ஓட்டுநருக்குக்கூடத் தெரிந்த தகவல். அதற்கு அடுத்த கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. ஏன் 1998? ஏன் ஷிபுயா? நிலமும் பங்கும் விண்ணைத் தொட்ட பொருளாதாரக் குமிழி 1990களின் தொடக்கத்தில் உடைந்து, ஜப்பான் மந்தத்தில் கிடந்த காலம் அது. ஷிபுயா என்பது இளைஞர்கள் திரியும் பேட்டை. சினிமா ரைஸ் அப்போது வித்தியாசமான படங்களுக்குப் பேர்போன சின்னத் தியேட்டராக இருந்தது. அதாவது முத்துவை அங்கே வரவேற்றவர்கள் இங்கே வரவேற்றவர்களைப் போன்ற கூட்டம் இல்லை. விசில் அடிக்கும் முதல் நாள் ரசிகன் அங்கே இல்லை. புதுசு தேடும் நகரத்து இளைஞன் இருந்தான். ஒரே படம், இரண்டு ஊரில் இரண்டு விதமான சரக்கு. இதைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் ரஜினியைப் பற்றித் தெரிந்தால் பற்றாது, ஷிபுயாவைப் பற்றித் தெரியவேண்டும்.

பிறகு நடந்தது இன்னும் சுவாரஸ்யம். ஜப்பானிய ரசிகர்கள் மெதுவாகத் தமிழ் தியேட்டர் பழக்கங்களையே படித்துக்கொண்டார்கள். "மசாலா திரையிடல்" என்று ஒரு வகைக் காட்சி அங்கே வழக்கத்துக்கு வந்தது. ஜப்பானில் சாதாரணமாகத் தியேட்டரில் தும்மினால்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். மசாலா திரையிடலில் மட்டும் கத்தலாம், கைதட்டலாம், காகிதத் துணுக்குகளை வீசலாம். முடிந்ததும் சுத்தம் செய்துவிட்டுப் போவார்கள் என்பதுதான் ஒரே வித்தியாசம் :) 2023ல் "ஜெயிலர்" வந்தபோது ஒசாகாவிலிருந்து ஒரு தம்பதி படம் பார்க்கவே சென்னைக்கு வந்ததும் செய்தியானது. அவர்கள் இங்கே எப்படிப் பார்க்கிறார்கள் என்பதைப் படித்தார்கள். இங்கிருந்து அந்தத் திசையில் பார்வை போகவே இல்லை. ஜப்பானிடம் தமிழருக்கு இதுவரை வேண்டியிருந்தது ஒரு கண்ணாடி. அதில் தன் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம்.

கண்ணாடியைக் கொஞ்சம் நகர்த்தினால் என்ன தெரியும் என்பதற்கு ஒரு உதாரணம் போதும். "அந்த நாள்."

1954 ஏப்ரலில் ஏவி.எம். வெளியிட்ட படம். வீணை எஸ். பாலசந்தர் இயக்கம், சிவாஜி கணேசன் நாயகன், இல்லை, வில்லன், இல்லை... அதுதான் படம். தமிழில் பாட்டே இல்லாமல் வந்த முதல் படம் என்று வினாடி வினாவில் கேட்பார்கள். அகிரா குரோசாவாவின் "ரஷோமோன்" (1950) பாலசந்தருக்குத் தூண்டுதல் என்பதும் எல்லாரும் எழுதுவது. ஒரு கொலை, அதைப் பற்றி ஆளுக்கொரு கதை. ஒரு திரைப்பட விழாவில் ரஷோமோனைப் பார்த்துவிட்டு வந்து முதலில் நாடகமாக எழுதினார், வானொலி வேண்டாமென்றது, பிறகு படமானது. விஸ்காம் வகுப்புகளில் இரண்டு படத்தையும் அடுத்தடுத்துப் போட்டு "பார்த்தீர்களா, அங்கிருந்து வந்தது" என்று சொன்னால் பாடம் முடிந்துவிடும்.

உண்மையில் அங்கேதான் பாடம் ஆரம்பிக்கவேண்டும். அந்த நாள் கதை நடப்பது எப்போது? 1943 அக்டோபர் 11ல் சென்னைமேல் ஜப்பான் குண்டு போட்டதற்கு மறுநாள். செத்துப்போகிற ராஜன் யார்? ரேடியோ இன்ஜினீயர், நாட்டு ரகசியங்களை ஜப்பானுக்கு விற்றவன். ஆக, கதை சொல்லும் முறையை ஜப்பானிடமிருந்து வாங்கிக்கொண்ட படத்தில் கதைக்குள்ளே எதிரி ஜப்பான்! போர் முடிந்து ஒன்பது வருஷம்தான் ஆகியிருந்தது. பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்கள் தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு இருந்த காலம். நேதாஜியோடு சேர்ந்து ஜப்பானை நண்பனாகப் பார்த்தவர்களும் இருந்தார்கள். சயாம் ரயில்பாதையில் ஜப்பானிய ராணுவத்திடம் மாட்டிச் செத்த மலேயாத் தமிழர்களின் உறவினர்களும் இருந்தார்கள். ராஜன் துரோகியா, லட்சியவாதியா என்று படம் பார்க்கிறவரைத் தடுமாற வைப்பதற்கு இந்தப் பின்னணி எவ்வளவு உதவியிருக்கும்!

அந்தப் பக்கம் திரும்பினால், ரஷோமோனும் தோற்றுப்போன நாட்டின் படம். அது எடுக்கப்பட்டபோது ஜப்பான் அமெரிக்கப் படையின் ஆளுகையில் இருந்தது. எது உண்மை, யார் குற்றவாளி என்று யாருமே நிச்சயமாகச் சொல்ல முடியாத ஒரு கதை, போர்க்குற்ற விசாரணைகள் முடிந்த சூட்டில் அந்த நாட்டிலிருந்து வந்தது. அதை 1951ல் வெனிஸில் தங்கச் சிங்கம் கொடுத்துக் கொண்டாடினார்கள். பாலசந்தர் அதை எடுத்து என்ன செய்தார்? கடைசியில் கொலையாளி யார் என்று சொல்லிவிட்டார். குரோசாவா சொல்லவில்லை. தமிழ் ரசிகனுக்கு முடிவு வேண்டும் என்பதாலா? துரோகத்துக்குத் தண்டனை உண்டு என்று புதிதாய்ச் சுதந்திரம் அடைந்த நாட்டில் சொல்லியே ஆகவேண்டும் என்பதாலா? ஒரு செமஸ்டர் முழுக்க இதை மட்டும் விவாதிக்கலாம். "காப்பியா, இன்ஸ்பிரேஷனா" என்று மிஷ்கினின் "நந்தலாலா"வையும் (2010) தக்கேஷி கிட்டானோவின் "கிகுஜிரோ"வையும் (1999) வைத்துக்கொண்டு நடந்த சண்டையைவிட இது எவ்வளவோ உருப்படியான சண்டை.

அதே 1954 நவம்பரில் ஜப்பானில் "கோஜிரா" வந்தது. கடலிலிருந்து எழுந்து வந்து டோக்கியோவை மிதிக்கும் ராட்சசப் பிராணி. அந்த வருஷம் மார்ச்சில்தான் பிகினி தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின்மேல் விழுந்திருந்தது. அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் ரப்பர் உடையில் வரும் கோஜிராவைப் பார்த்துச் சிரிப்பு வராது.

பொம்மைப் படத்தைப் பாடமாக வைப்பதா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். கியோட்டோ செய்கா பல்கலைக்கழகம் 2006ல் மாங்காவுக்கென்றே தனிப் புலம் தொடங்கியது. மாங்கா என்றால் ஜப்பானியப் படக்கதை. ஆவக்காய் ஞாபகம் வந்தால் மன்னிக்கவும். அதே காலகட்டத்தில் இந்தியாவில் ஜப்பானிய கார்ட்டூனைப் பற்றி அரசு மட்டத்தில் நடந்த ஒரே முக்கியமான யோசனை, 2008ல் "ஷின்சான்" தொடரை நிறுத்தியது. குழந்தைகள் கெட்டுப்போகிறார்களாம். வெட்டி ஒட்டி மறுபடி வந்தது. ஷின்சானின் அம்மா ஏன் எப்போதும் தள்ளுபடி விற்பனைக்கு ஓடுகிறாள், அப்பா ஏன் வீட்டுக்கடனைப் பற்றியே புலம்புகிறார், ஏன் இவ்வளவு களைப்பாக வீடு திரும்புகிறார் என்று யோசித்திருந்தால் ஜப்பானிய நடுத்தர வர்க்கத்தைப் பற்றி ஒரு நல்ல கட்டுரை கிடைத்திருக்கும். தடை மட்டும் கிடைத்தது.

வணிகவியல் மாணவர்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். அவர்களுக்குத்தான் அதிக வேலை. பி.காம் பாடத்தில் ஜப்பான் ஏற்கெனவே இருக்கிறது: கைசன், கான்பான், ஜஸ்ட் இன் டைம், தரவட்டம், ஐந்து எஸ். மேலாண்மைத் தாளில் வருஷா வருஷம் வருகிற கேள்விகள். ஆக, பாடத்திட்டத்தின்படி ஜப்பான் என்பது ஒரு தொழிற்சாலை. அங்கே மனிதர்கள் இருக்கிறார்களா, அவர்கள் சாயங்காலம் என்ன பார்க்கிறார்கள் என்பது சிலபஸ்ஸில் இல்லை. ஆனால் அவர்கள் பார்க்கிறதும் ஒரு தொழில்தானே? அதன் கணக்கு வழக்கு டொயோட்டாவின் கணக்கைவிடச் சுவையானது.

ஒசாமு தெசுகாவின் "அணுக் குட்டி" (ஆஸ்ட்ரோ பாய் என்று உலகம் சொல்லும்) 1963 ஜனவரி 1ல் டி.வி.யில் ஆரம்பித்தது. வாரம் ஒரு அரை மணி நேர அனிமேஷன் என்பது அப்போது நடக்காத காரியம். தெசுகா இரண்டு தந்திரம் செய்தார். ஒன்று, நொடிக்கு 24 படம் வரைவதற்குப் பதிலாக ஒரே படத்தை மூன்று கட்டத்துக்கு நிறுத்தி வைத்தார். வாய் மட்டும் அசையும், உடம்பு அசையாது. இரண்டு, தயாரிப்புச் செலவைவிடக் குறைந்த விலைக்கு டி.வி.க்குக் கொடுத்தார். நஷ்டத்தைப் பொம்மை, சாக்லேட் போன்ற சரக்குகளில் தன் பாத்திரத்தின் படத்தைப் போட அனுமதி கொடுத்து ஈடுகட்டினார். வியாபாரத்தில் இது கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் விலையை அவ்வளவு கீழே வைத்துவிட்டதால் பின்னால் வந்தவர்களால் அதை ஏற்றவே முடியவில்லை, படம் வரைகிறவர்களின் கூலி குறைவாகவே நின்றதற்கு அதுதான் ஆரம்பம் என்று குறை சொல்கிறவர்கள் ஜப்பானில் இன்றும் உண்டு.

பிறகு வந்தது "தயாரிப்புக் குழு" என்ற ஏற்பாடு. ஒரு அனிமே எடுக்க டி.வி. நிலையம், மாங்கா பதிப்பகம், பொம்மைக் கம்பெனி, இசை நிறுவனம், விளம்பர நிறுவனம் எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் முதல் போட்டு, உரிமையைப் பங்குபோட்டுக்கொள்ளும். சட்டப்படி இது ஒரு கூட்டாண்மை. பி.காம் முதல் வருஷத்தில் பார்ட்னர்ஷிப் கணக்கில் அ, ஆ, இ என்று மூன்று பேர் 3:2:1 என்று லாபம் பிரிப்பார்களே, கிட்டத்தட்ட அதுதான். நஷ்டம் வந்தால் ஒருவர் தலையில் விழாது. வெற்றி வந்தாலோ, ராத்திரி பகலாக வரைந்த ஸ்டுடியோ குழுவில் பங்குதாரராக இல்லாவிட்டால் அதற்குக் கூலி மட்டும்தான். உலகமே பார்க்கிற ஒரு தொடரை வரைந்தவர் வாடகைக்குத் திணறுவது எப்படி என்ற கேள்விக்குப் பதில் இந்த லாபப் பகிர்வு விகிதத்தில் இருக்கிறது.

இதற்குப் பக்கத்தில் தமிழ் சினிமாவை வைத்துப் பாருங்கள். இங்கே ஒரு தயாரிப்பாளர், பெரும்பாலும் வட்டிக்கு வாங்கிய பணம், ஏரியா ஏரியாவாக விற்பனை. அந்த ஏரியாக்களில் ஒன்று "டி.டி." என்ற திருச்சி-தஞ்சாவூர். எம்.ஜி. எனப்படும் மினிமம் கேரண்டி, விகிதாசாரம், அட்வான்ஸ் என்று அதற்கென்றே ஒரு கணக்கு பாஷை இருக்கிறது. படம் படுத்தால் நஷ்ட ஈடு கேட்டு விநியோகஸ்தர்கள் வீட்டு வாசலில் உட்காருவதும் அந்தக் கணக்கில் சேர்த்தி. திருச்சியில் உட்கார்ந்து பி.காம் படிக்கிற மாணவனுக்கு இந்த இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு ஒரு புராஜெக்ட் செய்ய எல்லா வசதியும் உண்டு. பாதி விவரம் விநியோக அலுவலகத்திலேயே கிடைத்துவிடும். ஆனால் புராஜெக்ட் என்றால் "வாடிக்கையாளர் திருப்தி, ஒரு ஆய்வு" என்று நூறு பேரிடம் கேள்வித்தாள் நிரப்புவதுதான் இன்னும் நடக்கிறது. அந்த நூறு பேரில் எத்தனை பேர் நிஜம் என்று கேட்கக்கூடாது.

சினிமா வரலாறு என்றால் சென்னைக்குப் போகவேண்டும் என்று நினைப்பவர்களுக்கும் திருச்சியே பதில் சொல்லும். 1905ல் திருச்சி ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஊர் ஊராகப் படம் காட்டி வந்த துபோன் என்ற பிரெஞ்சுக்காரர் உடம்பு சரியில்லாமல் போனபோது அவருடைய புரொஜெக்டரையும் பிலிம்களையும் 2,250 ரூபாய்க்கு வாங்கினார். தென்னிந்தியாவின் டூரிங் சினிமா அப்படித்தான் பிறந்தது. அந்த மௌனப் படங்கள் ஓடும்போது திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்வார், வசனம் பேசுவார். ஜப்பானிலும் அதே வேலை செய்தவர்கள் உண்டு, "பென்ஷி" என்று பெயர். அங்கே அவர்கள் நட்சத்திரங்கள். எந்தப் படம் என்று பார்க்காமல் எந்த பென்ஷி என்று பார்த்து டிக்கெட் எடுப்பார்கள். பேசும் படம் வந்ததும் அவர்கள் வேலை போனது, வேலைநிறுத்தம் செய்தும் பயனில்லை. குரோசாவாவின் அண்ணன் ஒரு பென்ஷி. 1933ல் தற்கொலை செய்துகொண்டார். இங்கே திரையோரம் நின்று கதை சொன்னவர்கள் என்ன ஆனார்கள்? தியடோர் பாஸ்கரன் போன்ற ஓரிருவர் தேடி எழுதியதைத் தவிர அதிகம் பதிவில்லை. பாஸ்கரனும் தபால் துறையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர்தான், எந்த சினிமாத் துறையிலும் பேராசிரியராக இருந்து எழுதவில்லை. பென்ஷியைப் பற்றிப் படிக்கிற மாணவனுக்கு அடுத்து உள்ளூர்க் கதைசொல்லியைத் தேடத் தோன்றும். வேற்றூரைப் படிப்பதில் கிடைக்கிற லாபமே அதுதான்.

ஸ்ரீரங்கம் கோயிலில் தாயார் சந்நிதிக்கு எதிரே கம்பர் மண்டபம் இருக்கிறது. கம்பன் ராமாயணம் அரங்கேறிய இடம் என்றும், மேட்டழகிய சிங்கர் தலையசைத்து ஏற்றுக்கொண்டார் என்றும் சொல்வார்கள். ராமாயணத்தை வேறு மொழியில் வேறு விதமாகச் சொல்ல யாருக்கு உரிமை என்ற கேள்வி அந்த ஊருக்குப் புதிதில்லை. யூகோ சாகோ என்ற ஜப்பானியர் 1983ல் ராமாயணம் சம்பந்தமான அகழாய்வைப் பற்றி ஆவணப்படம் எடுக்க இந்தியா வந்து, கதையில் மனம் போய், ராம் மோகன், கோய்ச்சி சசாகி ஆகியோரோடு சேர்ந்து அதை அனிமேஷன் படமாகவே எடுத்தார். ஜப்பான்காரர் எப்படி ராமனைக் கார்ட்டூனாக வரையலாம் என்று அப்போது எதிர்ப்பு வந்தது. அந்தப் படத்தைக் குழந்தைப் பருவத்தில் டி.வி.யில் பார்த்தவர்கள் அதைவிட நல்ல ராமாயணப் படம் இல்லை என்பார்கள். 2025 ஜனவரியில் தமிழ் உட்படப் பல மொழிகளில் மறுபடி தியேட்டருக்கு வந்தது. கம்பர் மண்டபத்துக்குப் பத்து நிமிஷ தூரத்தில் இருக்கிற மாணவர்கள் கம்பனையும் சாகோவையும் சேர்த்துப் படித்தால் தமிழ்த்துறைக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

தமிழில் இதற்கு முன்னோடி இல்லையென்றும் சொல்லமுடியாது. 1916 அக்டோபரில் சுதேசமித்திரனில் பாரதி ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதினான். ஹைக்கூ என்ன, அது ஏன் அவ்வளவு சுருக்கம், அதை எழுதுகிறவன் எப்படி வாழ்கிறான் என்றெல்லாம் அக்கறையாகப் பார்த்த கட்டுரை. ஸ்ரீரங்கத்திலேயே வளர்ந்த சுஜாதா ஹைக்கூவுக்குத் தனிப் புத்தகம் போட்டார். அவர் வசனத்தில் பங்களித்த "எந்திரன்" 2012ல் ஜப்பானுக்குப் போனது, அணுக் குட்டியின் ஊருக்கே ஸ்ரீரங்கத்து ரோபோ போனதுபோல. ஆனால் இந்த ஓட்டம் ஹைக்கூவோடு நின்றுவிட்டது. "டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி" தமிழில் ஆசிரியர்களும் பெற்றோர்களும் விரும்பிப் படிக்கிற புத்தகம். அதை எழுதிய தெத்சுகோ குரோயானகி 1976லிருந்து பேட்டி நிகழ்ச்சி நடத்தி வரும் பெரிய டி.வி. நட்சத்திரம் என்பது இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? புத்தகம் என்றால் மரியாதை, டி.வி. என்றால் கிடையாது. ஜப்பானில் அந்தப் பெண்மணி ஒரே ஆள்தான்.

எதிர்ப்பக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பாடமாக வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் பயமாகத்தான் இருக்கிறது. "அனிமேயின் ஐந்து இயல்புகளை விளக்குக, 10 மதிப்பெண்" என்று கேள்வி வரும். ஆண்டார் வீதி ஜெராக்ஸ் கடையில் நோட்ஸ் கிடைக்கும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ரசித்துப் பார்த்தவன் மறுநாள் அட்டெண்டன்ஸுக்காகப் பார்ப்பான். பிடித்த விஷயத்தைக் கொல்வதற்குப் பாடத்திட்டத்தைப் போல் சிறந்த ஆயுதம் இல்லை. தமிழ்ப் பாடத்தில் புதுமைப்பித்தனுக்கு நடந்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

வேலை கிடைக்குமா என்பது இரண்டாவது கேள்வி. இதற்கு நேர்மையான பதில்: இதைப் படித்ததால் மட்டும் கிடைக்காது. ஜப்பானிய மொழிக்குச் சென்னையில் வகுப்பு உண்டு, தேர்வு உண்டு, அதன் என்5, என்4 சான்றிதழ்களுக்கு ஜப்பானிய கம்பெனிகளில் மதிப்பும் உண்டு. ஆனால் வேலைக்காக ஒரு மொழியைப் படிக்கிறவன் "ஓவர்டைம்" என்ற சொல்லைக் கற்றுக்கொள்வதோடு, அந்த ஊர்க்காரன் ஓவர்டைமைப் பற்றி என்ன படம் எடுத்து அழுதிருக்கிறான் என்பதையும் தெரிந்துகொண்டு போவது அவனுக்கே நல்லது. அனிமேவில் பார்த்த ஜப்பானை நம்பி விமானம் ஏறுகிறவனுக்கும், கைசன் பாடத்தில் படித்த ஜப்பானை நம்பி ஏறுகிறவனுக்கும் இறங்கியதும் கிடைக்கிற அதிர்ச்சி ஒன்றுதான்.

நடைமுறையில் இதற்குப் பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டியதில்லை. தனித் துறை, கட்டிடம், புரிந்துணர்வு ஒப்பந்தம், ஜப்பானியத் தூதரக அதிகாரிக்குச் சால்வை இதெல்லாம் அவசியமே இல்லை. நான்காம் பகுதியில் என்.எம்.இ. என்று ஒன்று இருக்கிறதே, வேறு துறை மாணவர்கள் எடுக்கும் விருப்பப் பாடம், அதில் வாரம் இரண்டு மணி நேரம் போதும். இப்போது அந்த நேரத்தில் பெரும்பாலும் என்ன நடக்கிறது என்பது எல்லா மாணவர்களுக்கும் தெரியும். வரலாற்றுத் துறையில் ஒருவர், வணிகவியலில் ஒருவர், தமிழில் ஒருவர் என்று மூன்று பேர் மாறி மாறி எடுக்கலாம். தேர்வுக்குப் பதில் ஒவ்வொருவரும் ஒரு படத்தையோ தொடரையோ எடுத்துப் பத்துப் பக்கம் எழுதித் தரவேண்டும், அதுவும் தமிழில். தமிழில் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆங்கிலத்தில் என்றால் விக்கிப்பீடியாவிலிருந்து எடுத்து ஒட்டிவிடுவார்கள். தமிழில் எழுத உட்கார்ந்தால் ஒவ்வொரு சொல்லுக்கும் யோசிக்கவேண்டும். "செய்யுவ்" என்று ரசிகர்கள் சொல்வதற்குப் பின்னணிக் குரல் கலைஞர் என்று எழுதுகிறபோதே தமிழ் டப்பிங் கலைஞர்களைப் பற்றி ஒரு வார்த்தைகூட யாரும் எழுதியதில்லையே என்று உறைக்கும். இப்போது ஜப்பானியத் தொடர்கள் தமிழ்க் குரலிலேயே வர ஆரம்பித்துவிட்ட நிலையில் அந்தக் கட்டுரைகளுக்கு விஷயப் பஞ்சமும் இல்லை.

முதல் வகுப்புக்கு "அந்த நாள்" போடலாம். முழுப் படம் போட இரண்டு மணி நேரம் போதாது என்பார்கள். பாட்டு இல்லாத படம்தான், கொஞ்சம் நேரம் கூடினாலும் பரவாயில்லை.